கட்டெறும்பு ராணியைக் குடியமர்த்துவது: முதல் முட்டையிலிருந்து முதல் கூடு வரை

கேள்வி இதுதான்: கையில் இரண்டு கட்டெறும்பு ராணிகள். ஒன்று மழை விட்ட இரவில் மொட்டை மாடி டியூப் லைட்டுக்குக் கீழே கிடைத்தது. இன்னொன்று எறும்பு வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து கூரியரில் வந்தது. இரண்டையும் தனித்தனி டெஸ்ட் டியூபில் விட்டு ஒரு வாரம் ஆகிறது. முதல் ராணி நான்கு முட்டை இட்டு, மறுநாளே தின்றுவிட்டது. இரண்டாவது பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. தேன் வைக்கலாமா, இரண்டையும் ஒன்றாக விடலாமா, பெரிய கூட்டுக்கு எப்போது மாற்றுவது?

சுருக்கமான பதில்: தேன் இப்போது தேவையில்லை. ஒன்றாக விடவே கூடாது. பெரிய கூட்டைப் பற்றி இன்னும் சில மாதங்களுக்கு நினைக்க வேண்டாம். ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ராணி எறும்பு சாவது பெரும்பாலும் கவனக்குறைவால் அல்ல, அளவுக்கு மீறிய கவனிப்பால்.

முதலில் கையில் இருப்பது ராணிதானா என்று பாருங்கள். கட்டெறும்புக் கூட்டில் பெரிய தலையுடைய வேலைக்காரிகள் உண்டு. ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கும் இவற்றை ராணி என்று நம்பிப் பிடித்து வருபவர்கள் ஏராளம். தலையைப் பார்த்து ஏமாறாமல் மார்பைப் பாருங்கள். வேலைக்காரிக்கு மார்பு ஒடுங்கி, மேலிருந்து பார்த்தால் ஒரே வளைவாக இருக்கும். ராணிக்கு மார்பு தலைக்கு இணையாகப் பருத்து, பல தகடுகளாகப் பிரிந்து, திமில்போல் உயர்ந்திருக்கும். சிறகு விழுந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டு சிறு தழும்புகள் தெரியும். ஈசலை எறும்பு ராணி என்று எடுத்து வருவதும் நடக்கிறது. ஈசலுக்கு இடுப்பு இல்லை, உணர்கொம்பு மணி கோத்ததுபோல் நேராக இருக்கும், நான்கு சிறகும் ஒரே நீளம். எறும்புக்கு இடுப்பு ஒட்டியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கும், முன்சிறகு பின்சிறகைவிட நீளம்.

சிறகு உதிர்ந்திருப்பதாலேயே இணைசேர்ந்த ராணி என்று முடிவு கட்ட முடியாது. இணைசேராத ராணியும் சில நேரம் சிறகை உதிர்க்கும், முட்டையும் இடும். எறும்புகளில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும். ஆகவே இணைசேராத ராணி எத்தனை முட்டை இட்டாலும் ஒரு வேலைக்காரி கூட வராது. முதல் வேலைக்காரி வெளிவரும் நாளில்தான் இதற்கு உறுதியான விடை கிடைக்கும். அதற்கு முன் யாராவது “கன்ஃபர்ம்டு மேட்டட்” என்று சொல்லி விற்றால், பட்டுக்கூட்டுடனோ (புழு தன்னைச் சுற்றி நூற்றுக்கொள்ளும் உறை) வேலைக்காரியுடனோ விற்கிறாரா என்று கேளுங்கள். வெறும் ராணி என்றால் அது அவருடைய ஊகம்தான்.

இனி ராணியின் உடலுக்குள் நடப்பது. கட்டெறும்பு, அதாவது காம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ், உணவு தேடி வெளியே போகாமலே குடும்பம் தொடங்கும் வகை. பறந்து இணைசேர்ந்து இறங்கியதும் சிறகை உதறிவிட்டு மண்ணில் சிறு அறை தோண்டி, உள்ளிருந்தே வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் எறும்பு அதற்குள் செத்திருக்கும். அன்று வாங்கிய விந்தணுக்களை உடலுக்குள் ஒரு பையில் சேமித்து வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தும். இனி பறக்க வேண்டியதில்லை என்பதால் மார்பை அடைத்துக்கொண்டிருந்த பறப்புத் தசைகள் கரைந்து சத்தாகின்றன. வயிற்றில் சேர்த்த கொழுப்பும் புரதமும் கூடச் சேர்கின்றன. முதல் புழுக்களுக்கு வாய்வழியே ஊட்டுவது இந்தக் கையிருப்பைத்தான். இந்த இனத்தின் குடல் செல்களுக்குள் ப்ளாக்மானியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. வீணாகும் நைட்ரஜனை மீட்டு அமினோ அமிலமாக்கித் தரும். பட்டினியிலும் ராணியால் பிள்ளை வளர்க்க முடிவதில் அதற்கும் பங்கு உண்டு.

கையிருப்பு அளவானது. ஐந்து முதல் பத்து வேலைக்காரிகளை உருவாக்கப் போதும், அதற்கு மேல் வராது. டியூபை ஒவ்வொரு முறை தூக்கிப் பார்க்கும்போதும் ராணி பதறி ஓடுகிறது, முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றுகிறது, “இந்த இடம் சரியில்லை” என்று தீர்மானித்தால் முட்டையைத் தின்று சத்தைத் திரும்பப் பெறுகிறது. உங்கள் முதல் ராணி செய்தது இதுவே. அது பைத்தியக்காரத்தனமோ நோயோ அல்ல, போட்ட முதலீட்டை மீட்கிறது. அடுத்த தொகுதி முட்டை அநேகமாக இரண்டு வாரத்துக்குள் வரும், நீங்கள் விட்டால். ஆகவே வேலை எல்லாம் ராணியை உள்ளே விடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு உங்களுக்கு இருப்பது காத்திருக்கும் வேலை மட்டும்.

டியூப் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் கண்ணாடி டெஸ்ட் டியூப் போதும். கட்டெறும்பு ராணி ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கும் என்பதால் 18 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளம் உள்ளதாக வாங்குங்கள். 12 மில்லிமீட்டர் டியூபில் அது திரும்பவே சிரமப்படும். அடிப்பக்கம் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது, குளோரின் வாடை வரும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். அதன்மேல் பஞ்சை உருட்டி, பேனாவின் பின்புறத்தால் மெல்லத் தள்ளுங்கள். பஞ்சின் அடிப்பகுதி தண்ணீரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். மேல்பகுதி ஈரப்பசையோடு இருக்கலாம், விரலால் தொட்டால் தண்ணீர் ஒட்டக் கூடாது. பஞ்சு 15 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் சரி. ராணிக்கு 55, 60 மில்லிமீட்டர் இடம், வாயில் 25 மில்லிமீட்டர் உலர்ந்த பஞ்சு.

பஞ்சு என்றால் மெடிக்கல் ஷாப்பில் உருளையாக விற்கும் உறிஞ்சும் பஞ்சு. தலையணையிலிருந்து பிடுங்கும் இலவம்பஞ்சு உதவாது. அதன் இழையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது. ராணி தாகத்தில் சாகும், அல்லது விளிம்பு வழியே தண்ணீர் கசிந்து மூழ்கும். வாய்ப்பக்கம் ரப்பர் மூடியோ பிளாஸ்டிக் மூடியோ போடாதீர்கள். காற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டெறும்பு மிரண்டால் ஃபார்மிக் அமிலம் பீச்சும்; காற்றோட்டமில்லாத டியூபுக்குள் அதன் ஆவியே அதைக் கொன்றுவிடும். கூரியர் பெட்டியில் செத்து வரும் எறும்புகளில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம்.

தண்ணீருக்கும் பஞ்சுக்கும் நடுவே காற்றுக்குமிழி சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி இருந்து டியூபின் பஞ்சுப் பக்கம் தாழ்ந்திருந்தால், குமிழி அடிக்கோடிக்குப் போய் நிற்கும். பகலில் அறை சூடேறும்போது அது விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியே அறைக்குள் தள்ளிவிடும். சித்திரை வெயிலில் டியூப் வெள்ளத்தில் மூழ்குவதன் கதை இதுதான். பஞ்சுப் பக்கம் உயர்ந்திருந்தால் குமிழி பஞ்சை ஒட்டி நின்று, பஞ்சு காய்ந்துபோகும். டியூபைச் சமதளத்தில் படுக்கவைத்து, உருளாமல் இருபுறமும் சிறு களிமண் உருண்டை வைத்துவிட்டால் இரண்டும் நடக்காது.

ராணியை உள்ளே விடும் முன் ஒரு சிட்டிகை கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் தூவலாம். கட்டாயமில்லை. கட்டெறும்புப் புழு பட்டு நூற்கும்போது ஒட்டிப் பிடிக்க ஏதாவது வேண்டும். வழுக்கும் கண்ணாடியில் அது கிடைக்காமல் சில புழுக்கள் கூடு கட்டாமலே கூட்டுப்புழுவாகிவிடும். அப்படியானாலும் பிழைக்கும், பயப்பட வேண்டாம். ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் ராணி அதைக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பஞ்சின்மேல் குவித்துவிடும்.

டியூபை வைக்கும் இடம். இருட்டு, அதிர்வில்லாமை, நிலையான சூடு: இந்த வரிசையில். சிவப்பு செலோபேன் தாள் சுற்றுவது எல்லோரும் சொல்லும் வழி. எறும்புக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பது உண்மை, ஆனால் வெளிச்சத்தை அது முழுக்கத் தடுப்பதில்லை. மூடியுள்ள அட்டைப்பெட்டி அதைவிட மேல். எறும்புக்கு நாம் பேசுவது பொருட்டில்லை, தரை அதிர்வதுதான் பொருட்டு. ஃபிரிட்ஜின் மேல், மிக்ஸி இருக்கும் மேடை, வாஷிங் மெஷின் பக்கம், அடிக்கடி இழுத்து மூடும் மேசை இழுப்பறை, ஸ்பீக்கர் வைத்த அலமாரி எல்லாம் வேண்டாம். துணி அலமாரியின் அடித்தட்டு நல்ல இடம், அதில் நாப்தலீன் உருண்டை போடாமலிருந்தால்.

சூடு பற்றித் தமிழ்நாட்டுச் சமவெளியில் கவலையில்லை. 27 முதல் 31 டிகிரி செல்சியஸ் இந்த ராணிக்கு உகந்தது. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் ஹீட்டிங் மேட் இங்கே கொலைக் கருவி. குளிர்கால உறக்கமும் தேவையில்லை, அது ஐரோப்பிய இனங்களுக்கு. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறை 37, 38 டிகிரியைத் தொட்டால் பெட்டியைத் தரைக்கு இறக்குங்கள். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு எல்லாமே மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் ராணி எறும்பைக் கொல்லும் முதல் எதிரி விஷம், அதுவும் யாரும் விஷமென்று நினைக்காத விஷம். கொசுவத்தி, பிளக்கில் செருகும் கொசு லிக்விட், ஸ்பிரே எல்லாவற்றிலும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி இருக்கிறது, எறும்பும் பூச்சிதான். மூடிய படுக்கையறையில் இரவெல்லாம் லிக்விட் எரிந்தால் டியூபுக்குள் இருக்கும் ராணி முதலில் தள்ளாடும், பிறகு மல்லாந்து கால்களை இழுத்துக்கொள்ளும். சமையலறையில் கோடு போடும் எறும்பு சாக்பீஸ் இன்னும் மோசம். அந்தக் கையோடு பஞ்சை உருட்டினால் போதும். டியூப் தயாரிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், லிக்விட் இல்லாத அறையில் வையுங்கள், வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்க ஆள் வரும் நாளில் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது எதிரி மற்ற எறும்புகள். சித்தெறும்பும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத வெளிறிய சிற்றெறும்புகளும் பஞ்சை ஊடுருவிப் போய் ஒரே இரவில் ராணியைத் துண்டுகளாக்கிவிடும். பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து, நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் பெட்டியை வையுங்கள். திரவம் கலப்பது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை உடைக்க. வெறும் தண்ணீரில் சிற்றெறும்பு மிதந்தே கடந்துவிடும். பெட்டி சுவரைத் தொடக் கூடாது. தட்டின் தண்ணீரை மூன்று நாளுக்கொருமுறை மாற்றாவிட்டால் கொசுவும் வளர்ப்பீர்கள்.

கூரியரில் வந்த ராணிக்கு வேறு கணக்கு. பார்சலைப் பிரித்ததும் வேறு டியூபுக்கு மாற்றத் துடிக்காதீர்கள். வந்த டியூபில் தண்ணீர் இருக்கிறதா, ராணி புரண்டால் நிமிர்கிறதா, ஆறு காலும் இரு உணர்கொம்பும் இருக்கின்றனவா என்று ஒரு நிமிடம் பாருங்கள். பார்சல் சூடாக இருந்தால் நிழலான தரையில் வைத்து ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம், அந்தத் திடீர் மாற்றம் கெடுதல். காலின் நுனி ஒன்று ஒடிந்திருந்தால் பாதகமில்லை. உணர்கொம்பு இரண்டும் போயிருந்தால் அந்த ராணி புழுவை அடையாளம் கண்டு பேண முடியாது. தண்ணீர் இருந்தால் அப்படியே இருட்டில் வைத்து மூன்று நாள் தொடாதீர்கள். நீண்ட பயணத்தில் வயிறு சுருங்கி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மட்டும் ஒரே ஒரு முறை சர்க்கரைத் தண்ணீர் தரலாம்: ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீர், பல்குச்சி நுனியளவு சொட்டு, சிறு அலுமினியத் தாள் துண்டின்மேல். பன்னிரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தேனைக் கலக்காமல் வைத்தால் ராணி அதில் ஒட்டிக்கொள்ளும். டியூபுக்குள் காயும் இனிப்புத்தான் பூசணத்தை அழைத்துவரும். கட்டெறும்பு சேர்ந்த காம்போனோட்டஸ் பேரினத்து எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மார்பின் பின்புறம் கிருமிகொல்லும் திரவம் சுரக்கும் சுரப்பி கிடையாது, பல எறும்புகளுக்கு இருக்கும் பாதுகாப்பு அது. அதனால் அழுக்கை அனுமதிக்காதீர்கள்.

பஞ்சைப் பிடுங்குவது பற்றி: முதல் பத்து நாள் அது இயல்பு. தோண்டும் உந்துதல் இன்னும் அடங்கவில்லை. வாய்ப்பக்கப் பஞ்சைப் பிடுங்கினால் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர்ப் பக்கப் பஞ்சைப் பிடுங்கினால் பஞ்சு காய்ந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்து, முட்டையும் இல்லையென்றால், இணைசேராத ராணியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு ராணிகளை ஒன்றாக விட்டால் என்ன? சில இனங்களில் பல ராணிகள் சேர்ந்து தொடங்குவது உண்டு. கட்டெறும்பை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உடனே சண்டை வராமல் போகலாம், அதுதான் ஆபத்து. வேலைக்காரிகள் பிறந்தபின் ஒரு ராணி வெட்டுப்படும், மிஞ்சியதும் காயத்தோடு இருக்கும். தனித்தனியாக வைத்தால் ஒன்று தோற்றாலும் இன்னொன்று இருக்கிறது.

இனி காத்திருப்பு. 28, 30 டிகிரியில் முட்டை பொரிய இரண்டு முதல் மூன்று வாரம், புழு வளர்ந்து பட்டுக்கூடு கட்ட ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுக்குள் இரண்டு முதல் மூன்று வாரம். ஆக முதல் முட்டையிலிருந்து ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் வேலைக்காரி. வாரத்துக்கு ஒரு முறை, சிவப்பு வெளிச்சத்தில், அரை நிமிடம் பாருங்கள். டியூபைத் தூக்காமல் பெட்டியின் மூடியை மட்டும் திறந்து. எண்ண வேண்டிய அவசியமில்லை. முட்டைகள் ஒரே குவியலாக இருக்கின்றனவா, ராணி அதன் பக்கத்தில் நிற்கிறதா என்பதே போதும். குவியல் சிதறிக் கிடந்தால் ஏதோ தொல்லை இருக்கிறது என்று பொருள், இடத்தை மாற்றுங்கள். பட்டுக்கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி தோன்றினால் கெட்டுப்போனதாக நினைத்துவிடாதீர்கள்; புழு தன் வயிற்றுக் கழிவு முழுவதையும் அங்கே ஒதுக்கிவிட்டுக் கூட்டுப்புழுவாகிறது, நல்ல செய்தி.

பூசணம் பிடித்தால்? தண்ணீர்ப் பஞ்சு மஞ்சளாவதும் ஓரத்தில் கறுப்பதும் எல்லா டியூபிலும் நடக்கும். ராணி அதிலிருந்து விலகி முட்டைகளை வாய்ப்பக்கம் வைத்துக்கொள்ளும், அதுவே போதுமானது. வெள்ளை நூல்போல் பூசணம் நீண்டு முட்டைக் குவியலை எட்டினால் மட்டும் மாற்றுங்கள். மாற்றும் வழி: புதிய டியூபை வாயோடு வாய் சேர்த்து, இடுக்கில்லாமல் டேப் சுற்றி, புதியதை இருட்டாக மூடி, பழையதை வெளிச்சத்தில் விடுங்கள். நேரடி வெயிலில் அல்ல, சாதாரண மேசை விளக்கு. ராணி தானே முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு மணி நேரமும் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். தட்டிக் கொட்டுவது தண்ணீர் புகுந்து மூழ்கும் நிலையில் மட்டும். அப்போதும் முட்டைகளைத் தனியே எடுக்க நனைந்த ஓவியத் தூரிகையின் நுனி வேண்டும், இடுக்கி அல்ல.

குறுக்குவழி ஒன்று உண்டு. அதே இனத்துக் கூட்டிலிருந்து மூன்று முதல் ஐந்து பட்டுக்கூடுகளை எடுத்து ராணியிடம் வைத்தால் பெரும்பாலும் ஏற்று வளர்க்கும். பிறக்கும் வேலைக்காரிகள் அதையே தாயாக எண்ணும். வளர்ந்த வேலைக்காரிகளை மட்டும் சேர்த்துவிடக் கூடாது, அவை ராணியைக் கொன்றுவிடும். இன அடையாளத்தில் உறுதி இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். பிழைக்கக்கூடிய ராணிக்கு இது தேவையுமில்லை.

முதல் வேலைக்காரிகள் பிறக்கும்போது பலர் ஏமாந்துபோகிறார்கள். தெருவில் பார்க்கும் கட்டெறும்பின் பாதிகூட இருக்காது, வெளிறி, பயந்து நடக்கும். அளவான கையிருப்பில் எண்ணிக்கையைக் கூட்ட ராணி எடுத்த முடிவு அது. பெரிய தலைக்காரிகள் பல மாதம் கழித்தே வருவார்கள். பிறந்து இரண்டு மூன்று நாளில், உடல் கறுத்தபின் உணவு தொடங்குங்கள். முதலில் இனிப்பு: மேலே சொன்ன சர்க்கரைத் தண்ணீர், வாய்ப்பக்கத்தில் ஒரு சொட்டு. ஒரு வேலைக்காரி குடித்து வயிறு பளபளக்க உள்ளே போய் ராணிக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம். அடுத்த நாள் புரதம்: கொசு பேட்டில் அடிபட்ட கொசு ஒன்று, அல்லது பழ ஈ, அல்லது சிறு வெட்டுக்கிளியின் தொடை. கொசு பேட் மின்சாரத்தில் கொல்வதால் விஷமில்லை, இதற்கு அதைவிடத் தோதான கருவி இல்லை. வெளியிலிருந்து பிடிக்கும் பூச்சியைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கியெடுத்தால் அதில் ஒட்டியிருக்கும் உண்ணிகள் சாகும். சமையலறைக் கரப்பானை எடுக்கவே எடுக்காதீர்கள், எந்த மருந்தை மிதித்து வந்ததோ தெரியாது. வாரத்துக்கு இரண்டு முறை போதும், மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும். இனிப்பு வேலைக்காரிகள் ஓட, புரதம் புழுக்கள் வளர. புரதம் நின்றால் ராணி முட்டையிடுவதும் நிற்கும்.

இந்தக் கட்டத்தில்தான் அக்ரிலிக் கூடு வாங்கும் ஆசை வரும். ஐந்து எறும்பைப் பன்னிரண்டு அறை கொண்ட கூட்டில் விட்டால் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டு, மற்ற அறைகளில் குப்பையும் செத்த பூச்சியும் சேர்க்கும். பூசணம் அங்கிருந்து கிளம்பும், அறைகளின் ஈரத்தை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது. பத்துப் பதினைந்து வேலைக்காரிகள் ஆனதும் டியூபை அப்படியே ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, வாய்ப் பஞ்சில் ஓர் எறும்பு போகும் அளவு துளை விட்டாலே போதும். உணவை டப்பாவில் வையுங்கள், டியூப் சுத்தமாக இருக்கும். டப்பாவின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வேஸலின் மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நம் வெயிலில் உருகி வழிந்துவிடும். முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசுவது நல்ல தடை, ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும். பூசியது முழுக்க உலர்ந்து ஸ்பிரிட் வாடை போனபின்னரே எறும்பை விட வேண்டும்.

வேறு ராணி கையில் இருப்பவர்களுக்கு இந்த முறை முழுதாகப் பொருந்தாது. நெருப்பெறும்பும் பெரிய தலைச் சிற்றெறும்புகளும் இதேபோல் பட்டினியில் தொடங்குபவை, டியூப் மட்டும் சிறிதாக வேண்டும். அவற்றுக்குப் பட்டுக்கூடு கிடையாது, கூட்டுப்புழு வெறுமையாகத்தான் இருக்கும். மரத்து இலையைப் பின்னும் முசுறு ராணிக்குக் காற்றில் ஈரம் அதிகம் வேண்டும், புதியவர் தொட வேண்டாம். மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கம் காணும் தாவும் எறும்பு, ஹார்பெக்னாதோஸ், தொடக்கத்திலேயே வேட்டையாடி உண்ணும் வகை. அதைப் பட்டினி போட்டால் செத்துவிடும், சின்ன உயிருள்ள பூச்சி தர வேண்டும். டயாகம்மா இன எறும்புக்கு ராணியே கிடையாது. வேலைக்காரிகளில் ஒன்றே இணைசேர்ந்து முட்டையிடும். அதன் ராணி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வாங்குவது பற்றி இன்னும் ஒன்று. உங்கள் ஊரிலேயே மழைக்குப்பின் பறக்கும் ராணியை எடுப்பதே எல்லா வகையிலும் மேல். வெளிநாட்டு எறும்பை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி தவறு. கென்யாவில் 2025 மே மாதம், ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகளைக் கடத்த முயன்ற இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. சட்டத்தை விடுங்கள், திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி 2022-இல் கால்நடைகளும் மக்களும் பட்ட பாடு நமக்கே தெரியும். வேறு ஊரிலிருந்து வந்த கூட்டம் அலுத்துப்போனால் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள், தந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். திரும்ப வாங்காதவர் என்றால் உறைபெட்டியில் ஒரு நாள் வைத்துவிடுவதே சரி.

முப்பது, நாற்பது வேலைக்காரிகள் ஆகி, டியூப் நெருக்கடியாகித் தண்ணீரும் தீரும் நிலை வரும்போது கூடு வையுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கட்டடம் கட்டும் இடங்களில் மிஞ்சும் ஏஏசி பிளாக் (நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த சிமென்ட் கல்) துண்டில் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு மூன்று அறைகள் சுரண்டி, ஓரமாக ஒரு தண்ணீர்க் குழி விட்டு, கழுவி வெயிலில் காயவைத்து, மேலே கண்ணாடி வைத்துக் கட்டினால் கட்டெறும்புக்கு அது போதும். குழியில் வாரத்துக்கு இரண்டு முறை பத்து மில்லி தண்ணீர். கண்ணாடியில் நீர்த்துளி படிந்தால் பாதியாகக் குறையுங்கள். கூட்டைக் குழாயால் டப்பாவோடு இணைத்து இருட்டாக்கிவிட்டு, டியூபின் மேல் மூடியிருந்த அட்டையை எடுத்துவிடுங்கள். அவை பார்த்துவிட்டு வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்து, ஒரு வாரம் யோசித்துவிட்டே குடிபெயரும்.